ஆகாயத்தை ஊருக்குக் கொண்டுவந்த அட்டைகள்

மனிதன் ஆகாயத்தை அளக்கத் தொடங்கிய காலத்தின் சரித்திரம் ஏவுதளங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் விஞ்ஞானிகளின் குறிப்பேடுகளிலுமே அடங்கியிருக்கிறது என்று எண்ணுவது வழக்கம். ஆனால் அந்தக் காலத்தைச் சங்கரன்கோவில் போன்றதோர் ஊரின் ஜனங்கள் எப்படிக் கண்டார்கள், ராக்கெட் என்ற வடிவம் அவர்களுடைய குழந்தைகளின் கண்ணில் முதன்முதலாக எவ்விதம் பட்டது என்று கேட்கப் புகுந்தால், நாம் போய் நிற்க வேண்டிய இடம் கடைத்தெருதான். பொம்மைக் கடைகளும் பெட்டிக்கடைகளும் தங்கள் வாசலில் தொங்கவிட்ட அட்டைகளிலும், கண்ணாடி அலமாரியின் மேல் நிறுத்திவைத்த அட்டை உருவங்களிலும், சுவரில் ஆணியடித்த தகரப் பலகைகளிலும் அந்தச் சரித்திரத்தின் மறுபாதி பதிந்து கிடக்கிறது. அவற்றைத் தேடிச் சேர்ப்பதும், சேர்த்தவற்றை ஊரிலேயே முறையாக வைத்துக் காப்பதும் இனியும் தள்ளிப்போடக் கூடாத பொதுக் காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நான் குறிப்பவை எவை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விற்பனைக்கு வந்த பொம்மை வேறு. அதை விற்பதற்காகக் கடைக்காரர் கையாண்ட சாதனம் வேறு. ஒரு டஜன் பிளாஸ்டிக் ராக்கெட்டுகளைப் பின் அடித்து மாட்டியிருந்த வண்ண அட்டை. காசு கொடுத்துச் சீட்டைக் கிழித்தால் அதிலுள்ள எண்ணுக்கு ஏற்ற பரிசு கிடைக்கும் என்று சிறுவர்களை அழைத்த அதிர்ஷ்ட அட்டை. பின்புறம் முட்டுக்கொடுத்து நிற்கச் செய்த விண்வெளி வீரனின் உருவம். தீபாவளி வாரத்தில் பட்டாசுக் கடையின் முகப்பை மறைத்துத் தொங்கிய ராக்கெட் வாணத்தின் படத்தாள். திருவிழாக் கூட்டத்தின் நடுவே வியாபாரி தோளில் சாய்த்து வந்த, வைக்கோல் சுற்றிப் பொம்மைகளைக் குத்திவைத்த மூங்கில் கழி: இவை எல்லாம் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. பொம்மையைக் குழந்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. கடையில் எஞ்சிய இந்தச் சாதனங்களைக் கடைக்காரர் அடுப்புக்கோ, பழைய இரும்புக் கடைக்கோ, எடைக்கோ போட்டுவிட்டார்.

இவற்றின் முக்கியத்துவத்தை உணர, அக்காலத்துச் சிற்றூரில் ஒரு காட்சி எவ்வழியே வந்து சேர முடிந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1969-ஆம் வருஷம் ஜூலை 21-ஆம் தேதி, நம் நாட்டு நேரப்படி காலை 8.26 மணிக்கு, நீல் ஆர்ம்ஸ்ட்ராங் சந்திரனின் மண்ணில் கால் வைத்தார். அது ஆடி மாதம். கோமதி அம்மன் தவமிருந்து, அரியும் அரனும் ஒரே உருவாய் நிற்கும் சங்கரநாராயணரின் தரிசனத்தைப் பெறும் தபசுத் திருவிழாவுக்காகச் சுற்று வட்டாரத்து ஜனங்களெல்லாம் சங்கரன்கோவிலின் ரத வீதிகளை நிறைக்கும் மாதம். அந்த வருஷத்தில் தமிழ்நாட்டில் தொலைக்காட்சி இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டில்தான் தொடங்கியது. வானொலி செய்தியைக் காதுக்குக் கொடுத்தது. பத்திரிகை, கறுப்பு வெள்ளையில், படிக்கத் தெரிந்தவரின் கைக்குப் படத்தைக் கொடுத்தது. ஆனால் வண்ணமும் வடிவமுமாக, தொட்டுப் பார்க்கக்கூடியதாக, எழுத்தறியாத பெரியவரும் பள்ளிக்குப் போகாத சிறுவனும் ஒருங்கே பார்த்து வியக்கத்தக்கதாக அந்த அதிசயத்தை ஊருக்குள் கொண்டுவந்தவை கடைத்தெருவின் அட்டையும் தகரமுந்தான்.

அதற்கேற்ற அச்சுத்தொழிலும் நம் பக்கத்திலேயே வளர்ந்திருந்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியில் தீப்பெட்டியும், அதன் பின்னே பட்டாசும், அவ்விரண்டுக்கும் சீட்டு அச்சிடும் தேவையிலிருந்து அச்சகங்களும் பெருகின. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு போன்ற ஓவியர்கள் காலண்டர்களுக்கென்று தீட்டிய தெய்வ உருவங்கள் வீடுகளின் சுவர்களை அலங்கரித்த அதே காலத்தில், தீப்பெட்டிச் சீட்டுகளில் மானும் மயிலும் தாமரையும் இருந்த வரிசையில் ராக்கெட்டும் செயற்கைக் கோளும் வந்து சேர்ந்தன. கரிசல் நிலத்து விவசாயியின் மடியில் கிடந்த தீப்பெட்டிக்கும் விண்வெளி யுகத்துக்கும் இவ்வாறு ஒரு சம்பந்தம் உண்டாயிற்று.

மேல்நாடுகளில் இந்த வகைப் பொருள்களைச் சேகரிப்பது நெடுநாளாகவே மதிப்புள்ள கலையாக விளங்குகிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜப்பான் தகரத்தில் செய்து உலகெங்கும் அனுப்பிய ரோபோக்களையும் ராக்கெட்டுகளையும் தேடுகிறவர்கள், அவற்றைக் கடையில் நிறுத்திய பெட்டிகளையும் பலகைகளையும் பொம்மைக்கு நிகரான சிரத்தையோடு தேடுகிறார்கள். 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் வெளிவந்தபோது, அமெரிக்காவின் கென்னர் கம்பெனி கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலாமல், பொம்மையே இல்லாத ஓர் அட்டை உறையை விற்றது. அதனுள் பொம்மைகளின் படங்கள் அச்சிட்ட ஓர் அட்டை மேடையும், பின்னர் பொம்மைகளைத் தபாலில் பெறுவதற்கான சான்றிதழும் இருந்தன. நான்கு பொம்மைகள் அடுத்த வருஷந்தான் வீடு வந்து சேர்ந்தன. அதுவரை அந்தக் குழந்தைகள் வெறும் அட்டையை முன்னே வைத்துக்கொண்டு கற்பனையில் விளையாடினார்கள். குழந்தையின் மனத்தில் விளையாட்டைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் பொம்மைக்கு முன்னே வரும் அந்தக் காட்சிதான் என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டியதில்லை. காட்சிப் பொருள் பொம்மையைவிட அரிதாகிப் போவதன் காரணமும் வெளிப்படையானதே: பொம்மை ஆயிரக்கணக்கில் விற்றது, அதைத் தாங்கிய அட்டை கடைக்கு ஒன்றே வந்தது, பொம்மையை வைத்திருக்க விரும்பிய குழந்தை ஒன்று எங்கோ இருந்தது, அட்டையை வைத்திருக்க விரும்பியவர் எவருமில்லை.

சங்கரன்கோவிலில் மூடப்பட்ட ஒரு கடையின் பரணிலிருந்து இறக்கிய அத்தகைய அட்டை ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. கடைக்காரரான முதியவர், “இத வச்சு என்ன செய்யப் போறிய அண்ணாச்சி? அடுப்புக்குத்தான் ஆவும்” என்று சொல்லிக்கொண்டே எடுத்துத் தந்தார். ஏறக்குறைய ஒரு முழ நீளம். மேலே ஆணியில் மாட்டுவதற்கு ஒரு துளை. அதனடியில் வளைந்த பூமியும், அதை விட்டு எழும்பும் ராக்கெட்டும், ஓரத்தில் சிரிக்கும் சந்திரனும். பொம்மைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை; அவற்றைப் பிடித்திருந்த பின்களின் துரு மாத்திரம் இரண்டிரண்டு புள்ளிகளாகத் தங்கியிருந்தது. வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் மங்கி நீலம் கடைசிவரை நிற்பது அச்சு மையின் இயல்பாதலால், அட்டை முழுவதும் வெளிறிய நீலமாகியிருந்தது. ஆயினும் ஒவ்வொரு பொம்மையும் மறைத்திருந்த இடம் மட்டும் அதனதன் உருவத்தில் பழைய நிறத்தோடு நின்றது. எந்த இடம் அதிகமாக வெளுத்திருக்கிறதோ அங்கிருந்த பொம்மை முதலில் விற்றுப்போயிற்று. எங்கே நிறம் செழித்திருக்கிறதோ அங்கிருந்தது நெடுநாள் காத்திருந்தது. அந்த அட்டையில் முதலில் போனவை கீழ் வரிசையில் இருந்தவை. மேல் வரிசையில் இருந்தவை கடைசியில் போயின. குழந்தையின் கை எட்டிய உயரமும், அதன் கண் நிலைத்த இடமும், கடைக்காரர் ஓரத்தில் பென்சிலால் எழுதி, அடித்து, மறுபடி எழுதிய விலையும் ஒருசேர ஒரே தாளில் பதிந்திருப்பதைப் பார்த்தபோது, எந்தப் புத்தகமும் சொல்லாத ஒரு விவரத்தை இந்த அற்ப வஸ்து பத்திரமாக வைத்துக் காத்திருக்கிறதே என்று என் மனம் நெகிழ்ந்தது.

இத்தகைய பொருள்களின் காலத்தைக் கணிப்பதற்கு வேண்டிய அடையாளங்களும் அவற்றிலேயே உள்ளன. ஜப்பானியத் தகரப் பொம்மைகளில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற முத்திரை இருந்தால் அது 1947-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது என்று மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் நிச்சயிப்பதுபோலவே, நமக்கும் நம்முடைய முத்திரைகள் உண்டு. விலை ‘நயா பைசா’வில் இருந்தால் அந்த அட்டை 1957 ஏப்ரலுக்கும் 1964-க்கும் இடைப்பட்டதாக இருக்கலாம்; முதல் செயற்கைக் கோளான ஸ்புட்னிக் விண்ணில் ஏறியதும் நயா பைசா நம் பைக்கு வந்ததும் ஒரே வருஷத்தில்தான். விலாசத்தில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண் இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. சிவகாசி அச்சகத்தின் பெயருக்குக் கீழே இராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் பெரும்பாலும் 1985-க்கு முற்பட்டது. சங்கரன்கோவில் கடையின் முத்திரையில் நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் என்றிருந்தால் 1986-க்கும் 1997-க்கும் இடைப்பட்டது. தென்காசி மாவட்டம் என்றிருந்தால் 2019 நவம்பருக்குப் பிந்தையது. ‘லை’, ‘ணா’, ‘றா’ ஆகிய எழுத்துகள் பழைய வடிவில் இருந்தால், 1978-இல் அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் பரவுவதற்கு முன் வார்த்த அச்சு என்று கொள்ளலாம். ஒரு பள்ளி மாணவன் இவற்றைக் கற்றுக்கொண்டு ஒரே ஓர் அட்டையின் வயதைத் தானே கண்டுபிடிப்பானானால், சரித்திர ஆராய்ச்சியின் முதற்பாடத்தை அவன் பயின்றவனாகிறான்.

அற்பம் என்று கருதப்பட்ட தாள்களைச் சேர்ப்பது வீண் என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒருவருடைய வாழ்க்கை விடையாக நிற்கிறது. காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அவர் வாங்கத் தொடங்கியது காலப்போக்கில் தமிழ் அச்சுலகத்தின் மாபெரும் களஞ்சியங்களில் ஒன்றாக வளர்ந்தது. நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் அவர் சேர்த்தார். படித்துவிட்டு எறியும் தாள் என்று உலகம் சொன்னதைச் சரித்திரம் என்று அவர் அறிந்திருந்தார். 1992-இல் அவர் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை விலைக்கு வாங்கிச் சென்னையிலேயே நிலைக்கச் செய்தது. இன்று அவர் பெயரால் வழங்கும் ஆராய்ச்சி நூலகத்தை நாடி ஆராய்ச்சியாளர்கள் பல தேசங்களிலிருந்து வருகிறார்கள். அவர் நடந்த மூர் மார்க்கெட்டோ 1985-இல் தீக்கிரையாயிற்று. உரிய நேரத்தில் ஒருவர் கை நீட்டி எடுத்தவை பிழைத்தன. எவரும் எடுக்காதவை சாம்பலாயின.

இந்தச் சேகரிப்புக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் ஒன்று மிகுந்த நியாயமுடையது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. இந்தப் பளபளப்பான தாள்களுக்குப் பின்னால் பலருடைய துன்பம் இருந்தது. தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளே வேலை செய்த கொடுமை பல்லாண்டு நீடித்தது. சிவகாசிக் குழந்தைகளின் நிலை குறித்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அபாயகரமான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் வீதம் முதலாளி செலுத்த வேண்டுமென்று விதித்தது. சந்திரனையும் ராக்கெட்டையும் அச்சிட்ட சீட்டைத் தீப்பெட்டியில் ஒட்டிய சிறு கைக்கு ராக்கெட் பொம்மையை வாங்கும் பாக்கியம் இருந்ததில்லை. ஆகவே இந்தப் பொருள்களை வெறும் அழகுக்காகச் சேர்ப்பது போதாது. இவற்றை அச்சிட்டவர்கள், ஒட்டியவர்கள், விற்றவர்கள், வாங்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் ஆகிய எல்லோருடைய கதையும் அதே குறிப்புச் சீட்டில் எழுதப்பட வேண்டும். துன்பத்தை மறைக்கும் சேகரம் பொய் சொல்லுகிறது. அந்தத் துன்பத்துக்குச் சாட்சியான தாளையே அழிய விட்டாலோ, சாட்சியும் சேர்ந்து அழிகிறது.

இன்னொரு தீமை, இந்தப் பொருள்கள் திடீரென்று பணமதிப்புப் பெறுவதால் விளைவது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றவர்கள் எனாமல் பலகைகளும் தகர விளம்பரங்களும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். அங்கே வந்து சேராதிருந்தால் அவற்றில் பல உருக்கு உலைக்குப் போயிருக்கும் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு பலகை ஊரை விட்டுப் புறப்படும்போது அதன் வரலாறு ஊரிலேயே தங்கிவிடுகிறது: எந்தக் கடையில் இருந்தது, எந்த வருஷம் மாட்டப்பட்டது, யார் கழற்றித் தந்தார் என்பவை எல்லாம் உதிர்ந்துபோய், நகரத்து உணவு விடுதியின் சுவரில் அது வெறும் அலங்காரமாகத் தொங்குகிறது. அந்த அலங்காரத்தின் தேவை பெருகப் பெருக, புதிதாக அச்சிட்டுப் பழையதுபோல் துருவேற்றிய தகரங்களும் சந்தைக்கு வருகின்றன. பேரும் ஊரும் வருஷமும் எழுதி வைக்காத பழம்பொருளுக்கும் இந்தப் போலிக்கும் நாளடைவில் வேறுபாடு தெரியாமல் போகும்.

ஆதலால் சேகரிக்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில நியமங்களைச் சொல்ல விரும்புகிறேன். பொருளை வாங்கும்போதே கடைக்காரரிடம் அதன் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு நியாயமான விலை கொடுங்கள். அவர் சம்மதித்தால், அது மாட்டியிருந்த இடத்தைக் கழற்றுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். தகரத்துக்குப் புதுச் சாயம் பூசாதீர்கள். துருவைத் துடைத்து, ஈரம் படாமல் வைத்தால் போதும். அட்டையை லேமினேஷன் செய்யாதீர்கள். பிசின் நாடாவால் ஒட்டாதீர்கள். இவை இரண்டும் தாளைக் காப்பதுபோல் தோன்றிக் காலப்போக்கில் கெடுப்பவை. மலிவான மரக்கூழில் செய்த அட்டை வெளிச்சத்தாலும் உஷ்ணத்தாலும் மஞ்சளித்து நொறுங்கும். ஆகவே வெயில் படாத, காற்றோட்டமுள்ள, உலர்ந்த இடத்தில், இடையிடையே அமிலமற்ற தாள் வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். நம் பக்கத்தில் கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் எச்சரிக்கையாக இருப்பது மற்ற எல்லாவற்றையும்விட அவசியம்; மண்தரையையும் ஈரச்சுவரையும் விட்டு விலக்கி வைத்து, மாதம் ஒருமுறையாவது பிரித்துப் பாருங்கள்.

தனியார் அலமாரிகளில் மறைந்துவிடாமல் இவை பொதுமக்களின் கண்ணுக்கு வரவேண்டும் என்பதே என் முடிவான வேண்டுகோள். அதற்குரிய இடமும் நேரமும் நம்மிடம் உண்டு. ராக்கெட்டின் திரவ எஞ்சின்களைப் பரிசோதிக்கும் மகேந்திரகிரி நமக்கு அடுத்த திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி, நம் தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். ஆகாயம் இந்தப் பிரதேசத்துக்கு அந்நியமான விஷயமாக இருந்த காலம் போய்விட்டது. இந்த நிலையில், 1957 முதல் நம் ஜனங்கள் ஆகாயத்தைப் பற்றிக் கண்ட கனவுகளின் தடங்களை ஒன்றுசேர்த்துக் காட்டுவதற்குத் திருநெல்வேலியிலுள்ள மாவட்ட அறிவியல் மையம் ஓர் அறையை ஒதுக்கலாம். சங்கரன்கோவில் பள்ளிகள், மாணவர்களைக் கொண்டு தத்தம் தெருக்களின் பழைய கடைகளை விசாரித்து ஒரு பட்டியல் தயாரிக்கலாம். ஊர் வணிகர்கள் தங்கள் பரணில் கிடப்பதைக் கொளுத்துவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியனுப்பலாம். ஆடித் தபசு நாள்களில், சுற்று வட்டாரமெல்லாம் இங்கே கூடியிருக்கையில், நூலகத்திலோ பள்ளி மண்டபத்திலோ அவற்றைக் காட்சிக்கு வைத்து, அருகில் நின்று விளக்க மாணவர்களையே நிறுத்தலாம்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வேண்டியது சிரத்தையும் சீக்கிரமும். 1969-இல் பத்து வயதுச் சிறுவனாக இருந்தவருக்கு இன்று அறுபத்தைந்து வயது கடந்துவிட்டது. அன்று கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிமார்களில் எஞ்சியிருப்பவர் மிகச் சிலர். அட்டை ஒருவேளை இன்னும் சில காலம் தாங்கும். அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் தாங்கமாட்டார். ஆகையால் வருகிற ஆடிக்குள் முதல் பட்டியலையாவது எழுதி முடிப்போம் என்று இந்த ஊரின் ஆசிரியர்களும் வணிகர்களும் நிச்சயம் செய்துகொள்ள வேண்டுமென்று அன்போடும் பணிவோடும் கேட்டுக்கொள்கிறேன்.